நியூ யார்க்கர் திருப்பிக் கொடுத்த விருது

கேள்வி: ‘நியூ யார்க்கர்’ என்ற அமெரிக்க வார இதழை அடிக்கடி புகழ்கிறீர்கள். பொய்யை நம்பி எழுதி, விருதும் வாங்கியவர்கள்தானே அவர்கள்?

பதில்: வாங்கினார்கள், திருப்பியும் கொடுத்தார்கள். ஜப்பானில் வாடகைக்கு உறவினர்களை அமர்த்தித் தரும் தொழிலைப் பற்றி 2018இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் தேசியப் பத்திரிகை விருது அதற்குக் கிடைத்தது. பேட்டி கொடுத்தவர்களில் மூன்று பேர் தங்களைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தது பிற்பாடு தெரியவந்தது. இதழே விசாரித்து, கண்டதை வெளியிட்டு, 2021இல் விருதைத் திருப்பி அனுப்பியது. இந்த ஒரு செயலுக்காகவே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது.

பிழையை ஒப்புக்கொண்டு திருத்துவது அங்கே பழைய வழக்கம். 1925இல் ஹெரால்ட் ராஸும் அவர் மனைவி ஜேன் கிராண்டும் தொடங்கியபோது அது ஒரு நகைச்சுவை வார இதழ். 1927இல் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மிலே பற்றிய கட்டுரையில் பிழைகள் மலிந்திருந்தன. கவிஞரின் தாயார் கண்டித்துக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகுதான் தகவல் சரிபார்ப்புக்கென்று அங்கே ஒரு பிரிவு வந்தது. இன்று கவிதையும் கார்ட்டூனும்கூட அந்தக் கண்களுக்குத் தப்புவதில்லை.

நான் உண்மையில் கும்பிடுவது 1946 ஆகஸ்ட் 31 இதழை. ஹிரோஷிமா அணுகுண்டில் உயிர் தப்பிய ஆறு பேரைப் பற்றிப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி எழுதியது ஏறக்குறைய 31,000 சொற்கள். தொடராகப் போடுவதாகத்தான் இருந்தது. துண்டு துண்டாக வெளியிடக் கூடாது என்று நிர்வாக ஆசிரியர் வில்லியம் ஷான் வாதாடி ராஸைச் சம்மதிக்க வைத்தார். வழக்கமான பகுதிகளை நிறுத்திவிட்டு இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்தார்கள். இரண்டு மருத்துவர்கள், இரண்டு பாதிரியார்கள், ஓர் அலுவலகப் பெண், குழந்தைகளோடு தவித்த ஒரு தையற்காரரின் விதவை. போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களைப் பெயரோடும் குடும்பத்தோடும் அமெரிக்க வாசகர் முன் நிறுத்த எவ்வளவு துணிவு வேண்டும்!

கேள்வி: அது மேல்தட்டு மக்களின் பத்திரிகை என்கிறார்களே?

பதில்: நியாயமான குற்றச்சாட்டு. ‘டபியூக் ஊர் மூதாட்டிக்காக இதை நடத்தப்போவதில்லை’ என்று ராஸ் தொடக்க அறிவிப்பிலேயே எழுதினார்; நாகரிகம் அறியாத வெளியூர் வாசகருக்கு அல்ல என்பது பொருள். அந்தத் தோரணை எனக்கும் பிடிக்காது. ஆனால் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதியதை 1962 ஜூனில் மூன்று இதழ்களில் வெளியிட்டதும் அதே பத்திரிகைதான். டபியூக் இருப்பது மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தில். மருந்து தெளித்த வயல்களுக்கு அருகில் வாழ்ந்தவர்கள் அந்த மூதாட்டியைப் போன்றவர்கள்தாம்.