எபிடியூரல் போட்டால் முதுகுவலி நிரந்தரமா?

கேள்வி: எனக்கு எட்டாவது மாதம், முதல் பிரசவம். வலி தெரியாமலிருக்க, முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியான எபிடியூரல் போட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும், முக்க முடியாமல் சிசேரியனில் முடியும் என்று பயமுறுத்துகிறார்கள். போடலாமா? எப்போது கேட்க வேண்டும்?

பதில்: ஊசி போட்ட இடம் சில நாட்கள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாட்பட்ட முதுகுவலி இரு சாராருக்கும் ஒரே அளவில்தான் இருந்தது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகளும், பிறகு நாள் முழுக்கக் குனிந்து பிள்ளையைத் தூக்குவதும் முதுகை வாட்டுகின்றன. பழி மட்டும் ஊசியின் தலையில் விழுகிறது.

ஊசி தண்டுவடத்தில் குத்தப்படுவதில்லை. தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே, நரம்புகளைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகிவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். மருந்து அந்தக் குழாய் வழியே போகும்; வலி அடங்கப் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்கள் ஆகும். இப்போது குறைந்த அடர்த்தியில்தான் மருந்து தருகிறார்கள். அதனால் வலி மங்கினாலும் அழுத்தம் ஓரளவு தெரியும், கால்களையும் அசைக்கலாம். முக்கும் கட்டம் சற்று நீளக்கூடும் என்பது உண்மை. சிசேரியன் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. ஒருவேளை சிசேரியன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதே குழாயில் கூடுதல் மருந்து செலுத்தியே செய்துவிடலாம்.

கருப்பைவாய் 4 செ.மீ. திறக்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். பிரசவ வலி தொடங்கியது உறுதியானால் கேட்கலாம். தாமதித்தால்தான் சிக்கல்: குழாய் செருகும்போது முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது அது எளிதல்ல. தலை இறங்கிவிட்டால் நேரமும் இருக்காது.

நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. ரத்த அழுத்தம் குறையலாம். அதற்காகவே சிரைவழித் திரவம் (டிரிப்ஸ்) ஏற்ற ஊசி போட்டு, குழந்தையின் இதயத் துடிப்பையும் கவனிப்பார்கள். அரிப்பு, நடுக்கம், சிறுநீர் கழிக்கச் சிரமம் வரலாம். சிலருக்கு ஒரு பக்கம் மட்டுமே மரத்துப்போகும். குழாயைச் சரிசெய்யவோ மறுபடி செருகவோ நேரிடும். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு, உறையில் துளை விழுந்து கடும் தலைவலி வரும். உட்கார்ந்தால் அதிகரித்து, படுத்தால் தணிவதே அதன் அடையாளம். பல்லைக் கடித்துப் பொறுக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் உங்கள் ரத்தத்தையே சிறிது எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைப்பார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா? ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு என்றார்களா? முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்ததா? இதையெல்லாம் மயக்கவியல் மருத்துவரிடம் இந்த மாதமே சொல்லிவிடுங்கள். நள்ளிரவிலும் அவர் பிரசவ அறைக்கு வருவாரா என்பதையும் கேட்டு வையுங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.