முதுகை அழுத்த வேண்டாம்: ஆசனத்தில் மாணவரைத் தொட்டுத் திருத்துவது எப்படி?

கேள்வி: யோகா ஆசிரியர் பயிற்சி முடித்து மாலை வகுப்பு எடுக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில், முழுதாகக் குனிய முடியாத ஒரு மாணவிக்கு முதுகை அழுத்திக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து உட்கார்ந்தால் பிட்டத்துக்கு அடியில் வலிக்கிறது என்கிறார். மாணவர்களைத் தொட்டுத் திருத்தவே கூடாதா?

பதில்: முதலில் அவரைக் கவனியுங்கள். அவர் சொல்லும் இடத்தில், உட்காரும்போது தரையில் ஊன்றும் எலும்பில்தான் தொடையின் பின்தசைகள் தசைநாண்களாக வந்து ஒட்டுகின்றன. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே ஏற்படும் காயம் ஆற வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். வலி தீரும்வரை முன்வளைவு ஆசனங்கள் வேண்டாம். "நீட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்கட்டும். கால் மரத்துப் போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ காத்திருக்காமல் போக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடலாம். திசை காட்டவும் தாங்கிப் பிடிக்கவும் மட்டும் தொடுங்கள். மாணவர் தானாகப் போகக்கூடிய எல்லைக்கு அப்பால் ஓர் அங்குலம்கூடத் தள்ளாதீர்கள்.

பலர் குனிய முடியாமல் பாதியில் நின்றுவிடுவது பின்தொடை இறுகி, இடுப்பெலும்பு முன்னால் சாய மறுப்பதால். அந்த நிலையில் மேல்முதுகை அழுத்தினால் இடுப்பு அசையாது. கீழ்முதுகுதான் இன்னும் கூனும். பாரம் முதுகெலும்பின் டிஸ்க்கிலும் பின்தொடைத் தசைநாணிலும் போய் விழும். மாதவிடாய் நின்ற பெண்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் என்றால் முதுகெலும்பே நசுங்கி முறியும் ஆபத்து உண்டு.

அதற்குப் பதிலாக, மடித்த போர்வையின் மேல் உட்கார வையுங்கள். முழங்கால் மடங்கட்டும், பிடித்துக்கொள்ளப் பாதத்தில் ஒரு பெல்ட் போட்டுக் கொடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அப்புறமும் தேவைப்பட்டால் பின்னால் மண்டியிட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மட்டும் உணர்த்துங்கள். உங்கள் உடல் எடை அவர்மேல் இறங்கக் கூடாது. அவர் மூச்சை விடும்போது அவரே நகரட்டும், கை கூடவே போகட்டும். மூச்சு நின்றாலோ முகம் சுருங்கினாலோ கையை எடுத்துவிடுங்கள், ஆனால் சட்டென்று அல்ல. உங்கள் கையை நம்பிச் சாய்ந்திருப்பவர் தடுமாறுவார். நுனிவிரலால் அங்கங்கே குத்துவதும் வேண்டாம். அது உடம்பைக் கூசச் செய்யுமே தவிர, எதையும் சொல்லிக் கொடுக்காது.

சில இடங்களில் நான் கையே வைப்பதில்லை. பத்மாசனத்தில் முழங்காலைக் கீழே அமுக்கினால், இடுப்பு மூட்டு திரும்பாத மீதித் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். தோளில் ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் காலைப் பிடித்து நேராக்கினால் கழுத்து மேலும் மடங்கும். சிரசாசனத்தில் நிற்பவரின் காலை இழுப்பதும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கும், கையும் காலும் அளவுக்கு மேல் வளைகிறவர்களுக்கும் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கும். அவர்களை இன்னும் வளைக்க உதவக் கூடாது. வளைவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் தடுமாறுகிறவருக்குப் பக்கத்தில் நின்று தோளைத் தாங்குவது போன்ற உதவிகளைத் தயங்காமல் செய்யலாம்.

அனுமதி இல்லாமல் இதில் எதுவும் இல்லை. வகுப்பில் ஒருமுறை சரி என்றார் என்பதற்காக எல்லா நாளும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் மாஸ்டரிடம் "வேண்டாம்" என்று சொல்ல நிறையப் பேருக்குக் கூச்சம். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். மைசூரில் அஷ்டாங்க யோகத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், ஆசனம் திருத்துகிறேன் என்ற பெயரில் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று மாணவிகள் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். குரு தொட்டால் கேள்வி கேட்கக் கூடாது என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதில் தெரிகிறது. ஆகவே வாய் திறந்து மறுக்க வேண்டிய நிலையை மாணவருக்கு உண்டாக்காதீர்கள். விரிப்பின் ஓரத்தில் வைக்க ஒரு சிறு அட்டை கொடுங்கள்: ஒரு பக்கம் "தொடலாம்", மறுபக்கம் "வேண்டாம்". நடுவில் மனம் மாறினால் திருப்பி வைத்துக்கொள்ளட்டும், காரணம் கேட்காதீர்கள். "தொடலாம்" என்று இருந்தாலும் முன்னால் வந்து, "இடுப்பில் கை வைக்கிறேன், சரியா?" என்று கேட்டுவிட்டே தொடுங்கள். சவாசனத்தில் கண்மூடிப் படுத்திருப்பவரைத் தொடத் தேவையே இல்லை.