வீட்டில் லிப் பாம்: பீட்ரூட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள், பேசலாம்

லிப் பாம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், குவிந்துவிட்டது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். நான் மதுரைக்காரி, ஏழு வருடமாக வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்கிறேன். அதனால் அளவெல்லாம் நம் வெயிலுக்கு ஏற்றபடிதான் இருக்கும்.

அக்கா, பீட்ரூட் சாற்றையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது, பத்து நாளில் மூடிக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூத்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

அது பூஞ்சை, அப்படியே குப்பையில் போடுங்கள். மேலே மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைத் தடவ வேண்டாம். உங்கள் மேல் தப்பில்லை, வீடியோவில் அப்படித்தானே காட்டுகிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. ஃபிரிட்ஜில் எண்ணெய் உறைந்ததால் சாறு குட்டிக் குட்டிச் சொட்டாக நடுவே மாட்டிக்கொண்டது, கலந்த மாதிரி தெரிந்தது. தண்ணீரும் சர்க்கரையும் இருக்கிற இடத்தில் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? கற்றாழைச் சோறு, பன்னீர், எலுமிச்சைச் சாறு, பச்சை ரோஜா இதழ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். லிப் பாம் என்றால் மெழுகும் எண்ணெயும்தான். தண்ணீர் ஒரு சொட்டு போனாலும் அதன் ஆயுள் போச்சு.

அப்படியானால் சிவப்பு நிறத்துக்கு என்ன போடுவது?

வேம்பாளம்பட்டை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கருஞ்சிவப்பாக, உரிந்த தோல் மாதிரி சுருள் சுருளாகக் கொடுப்பார்கள், நம் பாட்டிகள் கூந்தல் எண்ணெயில் போட்டதுதான். இதன் சாயம் எண்ணெயில் இறங்கும். காய்ந்த பட்டை ஒரு டீஸ்பூன், தேங்காய் எண்ணெய் 25 கிராம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து அரை மணி நேரம் மிதமான சூடு. கரண்டியால் தூக்கிப் பார்த்தால் நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும். கிண்ணத்தில் அவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள், உதட்டில் லேசாகத்தான் தெரியும். துணியில் பட்டால் மட்டும் போகாது. பழைய வேட்டித் துண்டில் இரண்டு முறை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் உதட்டில் நறநறவென்று இருக்கும்.

சரி, அளவைச் சொல்லுங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் கூழாகிவிடுகிறது.

ஸ்பூன் கணக்கை விடுங்கள், நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 25 கிராம் (நிறம் வேண்டுமென்றால் வேம்பாளம்பட்டை போட்டு வடிகட்டியது), விளக்கெண்ணெய் 5 கிராம். மொத்தம் 40, அதில் கால் பங்கு மெழுகு. 5 கிராம் டப்பா எட்டு நிரம்பும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் சிலவற்றில் மெழுகு குறைவாக இருக்கும். அங்கே தேங்காய் எண்ணெயே பாதி நாள் கட்டியாகத்தான் கிடக்கிறது. அது உருகுவது சுமார் 24 டிகிரியில், நம் ஊரில் அது பெரும்பாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், அதனால் மொத்தக் கெட்டித்தன்மையையும் மெழுகுதான் தர வேண்டும். நான் முதல் வருடம் ஐந்துக்கு ஒன்று போட்டு, மே மாதம் பஸ்ஸில் கைப்பையைத் திறந்தால் பர்ஸ், சாவி, டிக்கெட் எல்லாம் எண்ணெயில் நீந்திக்கொண்டிருந்தன. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் 8 கிராம் மெழுகு போட்டால் போதும், 10 போட்டால் தடவும்போது இழுக்கும்.

தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். நேரடி அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்தாலே உருகிவிடும், ஆவி உள்ளே சொட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு முதலில், அது உருகியதும் எண்ணெய். ஊற்றுவதற்கு முன்பு ஃபிரீசரில் வைத்த எவர்சில்வர் ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். நகம் வைத்தால்தான் பெயர்கிறதென்றால் எண்ணெய் கொஞ்சம் சேருங்கள், விரல் பட்டதும் வழிகிறதென்றால் மெழுகு கொஞ்சம் சேருங்கள். இந்தச் சோதனையைச் செய்தால் என் அளவே உங்களுக்குத் தேவைப்படாது.

தேன்மெழுகு என்று வாங்கியதில் வாசனையே இல்லை. சாதா மெழுகுவர்த்தியை உருக்கிப் போடலாமா?

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், அது எரிப்பதற்குச் செய்தது. வாங்கியது பாரஃபின், அதாவது மெழுகுவர்த்தி செய்கிற மெழுகு, கலந்ததாக இருக்கலாம். நல்ல தேன்மெழுகில் தேன் வாசம் இருக்கும், கையில் வைத்துப் பிசைந்தால் இளகும், உடைத்தால் உடைந்த இடம் பொடிப்பொடியாகத் தெரியும். பாரஃபின் வழுவழுவென்று வழுக்கும். பழைய மெழுகின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை இல்லை, லேசான சூடு காட்டினால் மறைந்துவிடும். தேனீ வளர்ப்பவர்களைத் தெரிந்தால் அவர்களிடமே வாங்குங்கள். மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கவலையே இல்லை.

எங்கள் அப்பத்தா நெய்தான் தடவுவார். அது போதாதா?

போதும் தம்பி. இரவில் படுக்கும்போது ஒரு துளி நெய் தடவினால் பாதிப் பேருக்கு லிப் பாமே வேண்டாம். டப்பாவில் அடைத்துப் பையில் கொண்டுபோகத்தான் அது சரிப்படாது, உருகும், சிக்கு வாடை வரும், எறும்பும் வரும்.

புதினா எண்ணெய் சேர்த்தேன், ஜிவ்வென்று இருந்தது, ஆனால் வெடிப்பு அதிகமாகிவிட்டது.

ஜிவ்வென்று இருப்பதை வேலை செய்வதாக நினைத்துவிடுகிறோம், அது எரிச்சல். உதட்டுத் தோல் மெல்லியது, முகத்தில் இருக்கிற மாதிரி எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே இல்லை. போதாக்குறைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நாக்கால் நக்கிக்கொண்டே இருப்போம், எச்சில் காயக் காய உதடு இன்னும் வறளும். 40 கிராமுக்கு நாலு சொட்டுக்கு மேல் வேண்டாம். உதடு வெடித்திருக்கும்போது அதுவும் வேண்டாம். லவங்கப்பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

உதடு கருப்பாக இருக்கிறது. எலுமிச்சையும் சர்க்கரையும் தேய்த்தால் வெளுக்குமா?

வெளுக்காது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து இன்னும் கருப்பதும் உண்டு. பலருக்கு அது பிறவி நிறம்தான், அதற்கு மருந்து எதற்கு? திடீரென்று புதிதாகக் கருந்திட்டு வந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயோரம் கிழிந்து ஆறாமலே இருப்பதற்கும் அதேதான், இரும்புச்சத்துக் குறைவோ பூஞ்சைத் தொற்றோ இருக்கலாம், பாம் தடவி மூடி வைக்காதீர்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உதடு வறளத்தான் செய்யும், அடிக்கடி தடவுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கலந்து செய்யலாமா?

கூடாது. ஒரு வயது வரை தேன் வாய்க்குள் போகவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து இருக்கிறது. தேன் எண்ணெயோடு கலக்கவும் கலக்காது, அடியில் தங்கிவிடும்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் போட்டால் ஒரு வருடம் கெடாதாமே?

எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியைத் தடுக்காது. நான் நாலு மாதத்தில் தீர்கிற அளவுக்குத்தான் செய்வேன்.

இன்ஸ்டாகிராமில் விற்கலாம் என்று இருக்கிறேன், லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்பது 1940-ம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது, 2020-ல் தனி விதிகளும் வந்துவிட்டன. வீட்டில் செய்ததுதானே என்பதெல்லாம் செல்லாது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பதோடு நான் நிறுத்திக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக ஒன்று அக்கா, அந்தப் பாத்திரத்தை எப்படிக் கழுவுவது?

சூடு ஆறுவதற்குள் பழைய நியூஸ்பேப்பரால் துடைத்துவிடுங்கள், அப்புறம் வெந்நீரும் சோப்பும். மிச்சத்தை சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் குழாய் அடைத்து பிளம்பர் வந்து, உள்ளே என்னம்மா போட்டீர்கள் என்று மூன்று தடவை கேட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.