ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் ரேஸ் கேம்ல மெக்லாரன் பி1 வாங்கிட்டேன், முதல்ல எதை அப்கிரேட் பண்றது?

டயருங்க. கிரெடிட் (கேம் காசு) கையில இருக்குன்னு நேரா டர்போ, கேம்ஷாஃப்ட்னு எஞ்சின் பார்ட்டுக்கே போயிருப்பீங்க, தெரியும். நானும் அதைத்தான் பண்ணேன்.

எனக்கு மன்னார்குடி பக்கம். பி1 கெடச்ச ராத்திரியே எஞ்சின்ல உள்ள அம்புட்டையும் ரேஸ் பார்ட்டா மாத்திட்டேன். நிஜ காருக்கே 3.8 லிட்டர் வி8 ட்வின் டர்போ 727 குதிரை, கரண்ட் மோட்டார் 176, மொத்தம் 903, அது பூரா பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகுது, அதுலயும் டர்போ எழுந்திரிக்கிற வரைக்கும் மோட்டார் வேற தள்ளி விடும். அதுக்கு மேல நான் ஏத்தி வச்சா? எஸ்2-ங்கற கார் வகுப்புக்கு கேம் விடுற பாயிண்ட் உச்சமே 998 தான், எஞ்சினே அதுல நெறய எடத்த முழுங்கிடுச்சு, டயர் மட்டும் பழசாவே கெடக்கு.

மறுநாள் கும்பகோணத்து மாமா பையனோட ஆன்லைன்ல ரேஸ். அவன் போர்ஷே 918, ஒண்ணுமே மாத்தாதது, 887 குதிரைதான், ஆனா முன் சக்கரத்துக்கும் தனியா மோட்டார் உண்டு. கேம்ல மழை வேற. பச்சை விழுந்ததும் அவன் போயிட்டான், எனக்கு பின்பக்கம் பூரா புகை, மொத வளைவுலயே பனைமரம் மாதிரி சாஞ்சு சுவத்துல போய் நின்னேன். பின்னாடி கணக்கு நோட்டோட ஒக்காந்திருந்த அப்பா, "ஏன்டா, கேஜ் வீல் மாட்டாம சேத்துல எறக்குன டிராக்டராட்டம் நின்ன எடத்துலயே சுத்துது?"ன்னாரு. ஸ்டியரிங் புடிச்சு வெளையாண்டவரு இல்ல, சேத்தொழவு தெரிஞ்சவரு, அவ்ளோதான்.

எஞ்சின் எல்லாத்தையும் பழசுக்கே மாத்திட்டு ரேஸ் டயர், பின் டயர் அகலம், வெயிட் குறைப்பு, அப்புறம் ரெண்டு பின் சக்கரத்துக்கும் பவரப் பிரிச்சு விடுற டிஃபரன்ஷியல், மிச்சம் இருந்த எடத்துக்கு கொஞ்சூண்டு எஞ்சின். நாலு சக்கர டிரைவா மாத்துனா முடிஞ்சுதேன்னு கமெண்ட்ல வருவீங்க, மாத்திக்கங்க சாமி, எனக்கு பி1-ன்னா பின் சக்கரம்தான். ப்ரோ பிளேயர்னு நான் எங்கயும் சொல்லல.

இந்த வயசுல கேமான்னு கேக்குறவங்களுக்கும் ஒண்ணு. குறுவை அறுத்துப் போட்ட நெல்லு களத்துல நனையறப்போ தார்ப்பாய் கேட்டு வீடு வீடா ஏறி எறங்குனேன், ஒருத்தரும் கதவத் தொறக்கல. கன்ட்ரோலரத் தொட்டா மட்டும் தெருவே வந்து புத்தி சொல்லுது.

இந்த செட்டிங்க எறக்கிக்கற டியூன் கோட் கேக்காதீங்க, சேவ் பண்றதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. வீட்டுல மறுபடி உக்கார விட்டா போடுறேன்.