முதல் அடி பின்னால் போகிறதா? லைன்பேக்கர் வார்ம்-அப் கேள்வி-பதில்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்பேக்கராக (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரராக) ஆடும் என் மகன், பயிற்சிக்கு முன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, உட்கார்ந்து கால்களை நீட்டி வளைக்கிறான். போதுமா?

பதில்: போதாது. ஓடினால் உடல் சூடாகும், அவ்வளவுதான். லைன்பேக்கர் ஆட்டத்தில் நிதானமாக வட்டம் சுற்றுவதில்லை. பக்கவாட்டில் நகர்கிறான், இடுப்பைத் திருப்பிப் பின்னோக்கி ஓடுகிறான், சட்டென நின்று முன்னால் பாய்கிறான். வார்ம்-அப்பிலும் அதே அசைவுகள் வர வேண்டும். ஐந்து நிமிட மெல்லோட்டம், முழங்காலை உயர்த்தும் நடை, பக்கவாட்டில் ஒரு காலை அகல வைத்து முழங்காலை மடக்கும் லஞ்ச் (lunge), காலை வீசுதல். பிறகு பக்கவாட்டு நகர்வும் பின்னோட்டமும் பத்துப் பத்து யார்டு, மெல்ல வேகம் கூட்டி. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், சிறிது நேரத்துக்கு அதன் பாயும் வலு குறையும். அதைப் பயிற்சி முடிந்தபின் செய்யட்டும்.

கேள்வி: ‘உன் முதல் அடி பின்னால் போகிறது’ என்று கோச் தினமும் கடிந்துகொள்கிறார். இதை வார்ம்-அப்பில் திருத்த முடியுமா?

பதில்: அங்கேதான் திருத்த வேண்டும். எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தடுப்பு வரிசைக்கு நான்கைந்து யார்டு பின்னால் நிற்கிறீர்கள். உடல் எடை குதிகாலில் இருந்தால், பந்து நகர்ந்ததும் ஒரு கால் தானாகப் பின்னால் விழும். அதை ஊன்றித்தான் முன்னால் வர முடியும். அதற்குள் எதிரணியின் கார்டு, அதாவது முன்வரிசையில் நின்று உங்களைத் தடுக்க வருபவர், உங்கள் நெஞ்சில் கை வைத்திருப்பார்.

குதிகால்களுக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் எதிரே கார்டு இடத்தில் நிற்கட்டும். பந்து வேண்டாம், பார்வை அவர்மீது மட்டும். அவர் முன்னால் பாய்ந்தால் ஓட்ட ஆட்டம் (பந்தை ஏந்தி ஓடுவது), அரை அடி முன்வையுங்கள். பக்கவாட்டில் விலகி ஓடினால் அதே திசையில் நகருங்கள். நிமிர்ந்து பின்வாங்கினால் பெரும்பாலும் பாஸ் (பந்தை எறிவது), இடுப்பைத் திருப்பிப் பின்னோக்கிச் செல்லுங்கள். கால் துண்டில் பட்டால் அந்த முறை கணக்கில் சேராது. பாதி வேகத்தில் பத்து முறை போதும். கரோலினா பேந்தர்ஸ் அணியில் ஆடிய லூக் கீக்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே அடுத்த ஆட்டத்தைக் கணிப்பதில் பேர்பெற்றவர். கண் பழகாமல் கால் வேகம் மட்டும் இருந்தால், தவறான இடத்துக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேருவீர்கள்.

கேள்வி: பயிற்சிக்கான மெத்தைப் பைகளை வரிசையாகப் போட்டுத் தாண்டும்போது தடுக்கி விழுகிறேன்.

பதில்: தரையைப் பார்க்கிறீர்களோ? நான்கைந்து பைகள், ஒரு யார்டு இடைவெளி. கோச் எதிரே நின்று விரல்களைக் காட்டட்டும். தாண்டிக்கொண்டே எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்ம்-அப்பிலேயே இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி மோதவிடுகிறார்கள். துணிச்சல் வருமாமே?

பதில்: துணிச்சல் வருகிறதோ இல்லையோ, மூளை அதிர்ச்சி வரலாம். ‘ஓக்லஹோமா’ என்று பெயர்பெற்ற அந்த மோதலை அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் 2019இல் தன் பயிற்சி முகாம்களிலிருந்து விலக்கிவிட்டது. டார்ட்மத் கல்லூரி 2010 முதலே பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதை (பிடித்து வீழ்த்துவதை) நிறுத்தியது. 2016இல் டார்ட்மத் இடம்பெறும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான ஐவி லீக் முழுவதும் பருவகாலப் பயிற்சிகளில் முழு மோதலைக் கைவிட்டது. முழங்காலிட்டு, மெத்தைமேல் சாய்த்த பொம்மையைத் தோளால் அணையுங்கள். தலை ஓரமாக, கண்கள் மேலே. தலையை ஆயுதமாக்குவது பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976 முதலே விதிமீறல். பழைய ஆட்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: ஆகஸ்ட் வெயிலில் முதல் நாளே முழுக் கவசத்துடன் வார்ம்-அப் செய்யலாமா?

பதில்: கூடாது. மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் முகாமில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி 2001 ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் சங்கம் பள்ளி மாணவர்களுக்கு வகுத்த முறைப்படி, முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்று முதல் ஐந்தாம் நாள்வரை ஹெல்மெட்டும் தோள்கவசமும், ஆறாம் நாள் முதல்தான் முழுக் கவசம். வெயில் கொளுத்தினால் நிழலில் தொடங்குங்கள், நேரத்தைக் குறையுங்கள். தலைசுற்றல் என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு அன்றைய பயிற்சி முடிந்தது.

கேள்வி: லைன்பேக்கருக்குப் பந்து பிடிக்கும் பயிற்சி எதற்கு?

பதில்: வரிசையில் யாராவது தட்டிவிடும் பந்து பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேல்தான் மிதக்கும். கடைசி இரண்டு நிமிடம், நண்பர் தட்டிவிடும் பந்தை ஓடிவந்து உயரத்திலேயே பிடியுங்கள்.