தானே ஓடும் காரும் கட்டாக்காலி மாடும்: கேள்வி பதில்

தானோட்டக் கார்களுக்கு உலகப் பொது விதி வகுப்பது பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் வாகனப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் கிளிநொச்சிக்காரர்.

அண்ணை, இந்த விதிகளை யார் தீர்மானிக்கிறார்கள்? (மாணவன், மாங்குளம்)

ஜெனீவாவில், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் இதற்கென ஒரு உலக மன்றம் இருக்கிறது, தம்பி. 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் ஒன்று அதன் விதிகளின்படி ஒரு வாகனத்துக்குக் கொடுத்த சான்றை மற்ற நாடுகளும் ஏற்கின்றன. ஜப்பான் அதில் இருக்கிறது. அமெரிக்கா இல்லை, அங்கே தன் வாகனம் விதிக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே உறுதி சொல்லி விற்கலாம். அதனால் 'உலக விதி' என்பது இன்னும் முழுமையாகவில்லை.

அந்தச் சான்று பெற்ற காரை ஏ9 வீதியில் தானாக ஓடவிடலாமா? (வான் சாரதி, பரந்தன்)

கூடாது. தடம் மாறாமல் தானே ஓடும் கார்களுக்கான, அந்த உடன்படிக்கையின் 157ஆம் இலக்க விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் மணிக்கு 60 கி.மீ. வேகம்தான் உச்சம், பிறகு 130 வரை உயர்த்தினார்கள். ஆனால் நடந்து போவோரும் சைக்கிளும் தடைசெய்யப்பட்ட, எதிரே வரும் வாகனங்களைத் தடுப்பு பிரிக்கிற வீதிக்கென்றே அது எழுதப்பட்டது. பரந்தன் சந்தியில் பின்னேரம் நின்று பாருங்கள்: பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்), சோடி சோடியாகச் சைக்கிளில் பிள்ளைகள், அறுவடைக் காலமென்றால் வீதியோரத்தில் காயும் நெல். அந்த விதி நினைத்துப் பார்த்த வீதி இதுவல்ல.

இரவில் தார் வீதியில் மாடு படுத்திருந்தால் கார் நிற்குமா? (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

நல்ல கேள்வி, அக்கா. என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இதுதான். கார் தனக்குப் பழக்கிக் காட்டியதைத்தான் நன்றாக அடையாளம் காணும். சுவீடனின் வொல்வோ, பெரிய விலங்குகளைக் கண்டுபிடிக்கும் முறையை எல்க் மானை வைத்து உருவாக்கியது; அவுஸ்திரேலியாவில் துள்ளிப் போகும் கங்காரு எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென்று அதற்குப் பிடிபடவில்லை. 2017இல் நிறுவனமே இதைச் சொன்னது. 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில் சைக்கிளை உருட்டியபடி இரவில் வீதியைக் கடந்த பெண் ஒருவர் சோதனைக் கார் மோதி இறந்தார். மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாறி மாறி நினைத்தது. கடவையில்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்ற எண்ணமே அதற்கு ஊட்டப்படவில்லை.

கட்டாக்காலி மாடு படுத்தே கிடக்கும், கறுப்பு மாடு தாரோடு தாராகத் தெரியும். அதனால் எங்கள் வீதிகளில் எடுத்த காட்சிகளும் சோதனையில் சேர வேண்டும். படுத்திருக்கும் மாட்டை இருட்டில் கண்டு நிற்காத காருக்கு இங்கே அனுமதி தரவே கூடாது.

அடிபட்டால் யார் பொறுப்பு? (முல்லைத்தீவு வாசகர்)

அந்த நேரம் ஓட்டியது ஆளா, காரா என்று முதலில் தெரிய வேண்டும். 157ஆம் விதிப்படி அதைப் பதிவு செய்யும் கருவி காரில் கட்டாயம். பிரித்தானியா 2024 சட்டத்தில் கார் தானே ஓடும்போது நடக்கும் ஓட்டுதல் தவறுகளுக்கு உள்ளே இருப்பவரைக் குற்றவாளியாக்கவில்லை. எங்கள் சட்டத்திலும் இது எழுதப்பட்ட பிறகுதான் இப்படியான கார் வர வேண்டும்.

ஜப்பான் ரீகண்டிஷன் காரில் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதே? (கராஜ்காரர், வவுனியா)

அது உதவி மட்டும்தான், சாரதி நீங்கள்தான். கையை எடுக்க வேண்டாம் என்று வாங்குபவருக்குச் சொல்லுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் வீதியைப் பார்க்கும் கமெராவையும் மறுபடி அளவுதிருத்திக் கொடுங்கள். கோணம் கொஞ்சம் பிசகினாலும் தூரத்து வீதிக்கோடு அதற்கு இடம் மாறித் தெரியும்.