பிள்ளைகளுக்கான கலைப் பட்டறை: கேள்வி பதில்

காப்பகங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் பல ஆண்டுகளாக ஓவியம், களிமண், நாடகப் பட்டறைகள் நடத்திவரும் அக்காவிடம் புதிய தன்னார்வலர்கள் கேட்டவை.

அக்கா, சோற்றுக்கே கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ஓவியம் எதற்கு என்று கேட்கிறார்களே?

இரண்டும் வேண்டும். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் உரிமையாகவே சொல்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று அதில் இல்லை.

கையில் பணம் கொஞ்சம்தான். மலிவான கிரேயான் நிறைய வாங்கலாமா?

வேண்டாம்மா. மட்டமான கிரேயானில் மெழுகுதான் இருக்கும், நிறம் இருக்காது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் வெளிறித்தான் விழும். பிள்ளை கிரேயானைக் குறை சொல்லாது, "எனக்கு வரைய வராது" என்று தன்னையே சொல்லிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என ஐந்து போஸ்டர் கலர் போதும். மஞ்சளில் நீலம் சொட்டிப் பச்சை எழும்பும்போது அந்த முகங்களைப் பாருங்கள்! தாள் மட்டும் தடிமனாக இருக்கட்டும்.

ஒரு பையன் மூன்று வாரமாகத் தாள் முழுக்கக் கறுப்பையே பூசுகிறான். மனசில் ஏதாவது காயமா அக்கா?

நிறத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஒரு சிறுமி இப்படித்தான் ஓரம்கூட விடாமல் கறுப்பாக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் பத்திச் சொல்றியா?" என்றேன். "கரண்ட் போயிருச்சு. உள்ளே எல்லாரும் தூங்குறாங்க" என்றாள். விரலால் தொட்டு, "இது தம்பி" என்று காட்டினாள். நானாக ஒரு சோகக்கதை கட்டியிருந்தால் அந்தத் தம்பி எனக்குத் தெரியாமலே போயிருப்பான்.

ஆனால், யாரோ துன்புறுத்துவதாகப் பிள்ளை வாய்திறந்து சொன்னால் நம்புங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கலைவழி உளச்சிகிச்சை தனிப் பயிற்சி, அது நம் வேலை இல்லை.

ஒருநாள் முகாம் போதுமா?

இந்தப் பிள்ளைகள் வந்துவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே ஆள். என்றைக்கு முடியும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கண்காட்சியில் பிள்ளைகள் பெயரைப் போடலாமா?

படம் அவர்களுடையது; காட்டலாமா, பெயர் வேண்டுமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், அங்கிருந்த யூதப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்படும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்தார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். எண்களாக்கப்பட்டவர்களின் பெயர்கள் அந்தத் தாள்களில் இருக்கின்றன. இதை நினைத்துத்தான் நான் படத்தின் பின்பக்கமாவது பெயர் எழுதச் சொல்வேன். வெளியாருக்குக் காட்டும்போது முழுப்பெயர், முகவரி, "ஆதரவற்ற சிறுமி" போன்ற அட்டை எதுவும் கூடாது.

சேராமல் ஓரமாகவே நிற்கிற பிள்ளையை என்ன செய்ய?

இழுக்காதீர்கள். பிரஷ் கழுவித் தரச் சொல்லுங்கள். தண்ணீரில் நிறம் கரைவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பக்கத்தில் ஒரு தாளை வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள்.